கண்ணுக்குத் தப்பும் முதுமை

பல ஆண்டுகள் கொட்டகையில் நின்றுபோன ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை மீண்டும் ஓடவைக்க முனைபவர் பெரும்பாலும் எஞ்சினிடம்தான் முதலில் போவார். புதிய பேட்டரி, புதிய ஸ்பார்க் பிளக், டேங்கில் கொஞ்சம் பெட்ரோல், பிறகு சாவி என்று அவர் மனத்தில் ஒரு வரிசை இருக்கும். எஞ்சின் சுழலுமா என்பது நியாயமான கேள்வியே. ஆனால் அதற்கு முன்பு கேட்க வேண்டியது ஒன்று உண்டு. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை செல்லும் வழி, பெட்ரோலைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் தகுதியோடு இருக்கிறதா? பேட்டரி பழுதானால் கார் கிளம்பாது, அதோடு தீர்ந்தது. பெட்ரோல் வழி பழுதாக இருந்தாலோ கார் கிளம்பிவிடும். சூடேறி, சாலைக்கு வந்த பிறகுதான் பழுது தன்னைக் காட்டும். இந்த வழி எப்படி முதுமை அடைகிறது, அந்த முதுமையை எப்படி அறிவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

விளக்கத்துக்கு ஒரு காரை எடுத்துக்கொள்வது நல்லது. இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி இதற்குப் பொருத்தமானது. கூரையற்றதும் கூரையுள்ளதுமாக ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. அமெரிக்காவுக்கும் ஏராளமாக ஏற்றுமதியாயின. அதனால் எங்கோ ஒரு கொட்டகையில் இன்றும் ஓர் எம்ஜிபி தார்ப்பாய்க்கு அடியில் கண்டெடுக்கப்படுகிறது. அதன் அமைப்பும் எளிமையானது. அதில் கற்பதைச் சிறு மாற்றங்களோடு வேறு கார்களுக்கும் பொருத்திக்கொள்ளலாம்.

முதலில் வழியை அறிவோம். எம்ஜிபியின் டேங்க், பின்புறப் பெட்டியறையின் தரைக்கு அடியில் தொங்குகிறது. பின்னச்சுக்கு அருகில் எஸ்யு நிறுவனத்தின் மின்சார பம்ப் இருக்கிறது. அங்கிருந்து ஓர் உலோகக் குழாய் காரின் அடிவயிற்றோடு முன்னோக்கி ஓடி எஞ்சின் அறைக்குள் ஏறுகிறது. பெரும்பாலான எம்ஜிபிகளில் அங்கே இரண்டு எஸ்யு கார்புரேட்டர்கள் உள்ளன. எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின் மேல் எப்போதும் அசைவது, உடற்பகுதி அசையாதது. இரண்டையும் வெறும் உலோகத்தால் இணைத்தால் உலோகம் ஒருநாள் முறியும். ஆகவே அசைவு உள்ள இடங்களில் ரப்பர் இணைப்புகள் வருகின்றன. உலோகப் பகுதியைப் பட்டறையில் ‘பைப்’ என்றும் ரப்பர் பகுதியை ‘ஹோஸ்’ என்றும் பிரித்தே சொல்வார்கள். அந்தப் பிரிவினை நமக்கும் வேண்டியது. ஏனெனில் இரண்டும் வெவ்வேறு காரணங்களால் மூப்படைகின்றன, சோதிக்கும் முறையும் வேறு.

இந்த வழியின் முடிவில் இருக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். எம்ஜிபியின் எஞ்சினில் காற்று நுழையும் பக்கமும் புகை வெளியேறும் பக்கமும் ஒன்றே. கார்புரேட்டர்கள் எஞ்சினின் இடப்பக்கத்தில், புகை வெளியேறும் இரும்புக் குழாய்த்தொகுதிக்கு நேர் மேலே அமர்ந்திருக்கின்றன. நடுவே ஒரு வெப்பத்தடுப்புத் தகடு மட்டுமே. மேலே ஒரு ஹோஸ் கசிந்தால் துளிகள் விழும் திசை அந்தச் சூடான இரும்புதான். பெட்ரோலின் இயல்பையும் இதோடு சேர்த்து எண்ணுங்கள். சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூட அது தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது; மேலே கலைந்து போகாமல் தரையில் படர்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். எஸ்யு பம்ப் தரும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3 பவுண்டுதான். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் என்ன ஆகிவிடும் என்ற எண்ணம் எளிதில் வரும். ஆனால் ஆபத்தைத் தீர்மானிப்பது அழுத்தம் மட்டுமல்ல, துளி எங்கே விழுகிறது என்பதும்தான்.

இனி ஹோஸின் உடலுக்குள் செல்வோம். வெளியிலிருந்து ஒரே கறுப்புக் குழாயாகத் தெரிந்தாலும் அது மூன்று அடுக்குகளால் ஆனது. உள்ளே பெட்ரோலைத் தொடும் அடுக்கு, பழைய ஹோஸ்களில் பொதுவாக நைட்ரைல் ரப்பர். நடுவே வலிமைக்காகப் பின்னிய நூல். வெளியே வெயிலையும் உராய்வையும் தாங்கும் உறை. நைட்ரைல் ரப்பர் தானாகவே அவ்வளவு நெகிழ்வானதல்ல. வளைந்துகொடுக்க வேண்டும் என்பதற்காக எண்ணெய் போன்ற நெகிழ்வூட்டிகளை அதில் கலக்கிறார்கள். பெட்ரோல் ஓடும் காலத்தில் இரண்டு செயல்கள் ஒருங்கே நடக்கின்றன. பெட்ரோல் ரப்பருக்குள் புகுந்து அதைச் சற்றே ஊதவைக்கிறது. அதே வேளையில் உள்ளிருக்கும் நெகிழ்வூட்டியைச் சிறிது சிறிதாகக் கரைத்து வெளியே கொண்டுபோகிறது. போன இடத்தைப் பெட்ரோலே நிரப்பி நிற்பதால் ஓடும் காரில் இந்த இழப்பு தெரிவதில்லை.

கார் நின்றபின்தான் கணக்கு வெளிப்படுகிறது. பெட்ரோல் மெல்ல ஆவியாகி ஹோஸ் வறள்கிறது. ஊதியிருந்த ரப்பர் சுருங்குகிறது. திரும்பி வந்து நெகிழ்ச்சி தர நெகிழ்வூட்டி அங்கே இல்லை. வெளிப்புறத்திலோ காற்றிலுள்ள ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பரை நுண்ணிய பிளவுகளாகக் கிழிக்கிறது. பழைய அலமாரியில் காகிதக் கட்டைச் சுற்றிக் கிடக்கும் ரப்பர் பேண்டை எல்லோரும் பார்த்திருப்போம். தொடாதவரை அது முழுமையாகவே இருக்கும்; இழுத்த நொடியில் அறுந்துவிடும். ஹோஸின் நிலையும் அதுவே. அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் மூப்பதில்லை. கிளிப் இறுக்கிப் பிடித்த முனைகளும், வளைவின் வெளிப்பக்கமும், எஞ்சின் சூட்டுக்கு அருகிலுள்ள பகுதிகளும் முந்திக்கொள்ளும். சுருங்கிய ரப்பர், தன்னைச் சுற்றிய கிளிப்புக்கும் தான் அணைத்த பைப்புக்கும் இடையே தளர்ந்துபோகும். எனவே, ஹோஸின் நடுப்பகுதி நன்றாக இருப்பது முனைகளுக்குச் சான்றாகாது.

இதைவிட ஆழமான ஓர் அடுக்கு உண்டு. சில ஹோஸ்கள் வெளியிலிருந்து கெடுவதே இல்லை, உள்ளிருந்து கெடுகின்றன. உள் அடுக்கு நடு நூலிலிருந்து பிரிந்து, ஊதி, துளையின் குறுக்கே மடிந்து நிற்கும். மெதுவாக ஓட்டும்போது சிறிய இடைவெளி வழியே போதிய பெட்ரோல் போகும். வேகம் கூட்டியதும் மடிப்பு வழியை அடைக்கும். எஞ்சின் திணறி நின்றுவிடும். ஓரம் கட்டிச் சில நிமிடம் காத்திருந்தால் மறுபடி கிளம்பும். இதனால் பம்பையும் கார்புரேட்டரையும் மாற்றி மாற்றிக் கழற்றி அலைபவர்கள் பலர். இன்னொரு வகையில், உள் அடுக்கு கறுப்புத் துகள்களாக உதிர்ந்து கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்துக்குப் போகும். அங்கே ஊசி வால்வின் இருக்கையில் ஒரு துகள் சிக்கினால் வால்வு மூடாது. கிண்ணம் நிரம்பி வழியும். வழிவது எந்த இரும்புக்கு மேலே என்பதை முன்பே பார்த்தோம்.

இங்கே இந்த விளக்கத்தின் மையத்துக்கு வந்துவிட்டோம். ஹோஸை வளைத்துப் பார்ப்பது, நகத்தால் அழுத்துவது, பிளவு தேடுவது, முகர்வது ஆகியவை எல்லோரும் செய்யும் சோதனைகள். அவை பயனற்றவை அல்ல. ஆனால் அவற்றின் தீர்ப்பு ஒரு திசையில் மட்டுமே செல்லும். பிளவு தெரிந்தால் ஹோஸ் கெட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். பிளவு தெரியாவிட்டால் ஹோஸ் நல்லது என்று சொல்ல இயலாது. கண்ணும் விரலும் குற்றத்தை நிறுவலாம். குற்றமின்மையை நிறுவ முடியாது. வயது தெரியாத ஹோஸுக்குப் பார்வையால் நற்சான்று வழங்குவதே, நீண்டகாலம் நின்ற கார்களில் நேரும் அடிப்படைப் பிழை. ஒரு ஹோஸைப் பற்றிக் கேட்க வேண்டியவை இரண்டு: அது எப்போது செய்யப்பட்டது? எந்தப் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது?

இரண்டாவது கேள்வி நம்மை அடுத்த அடுக்குக்கு அழைத்துச் செல்கிறது. கார் உறங்கியது, பெட்ரோல் உறங்கவில்லை. 1980களின் கடைசியில் நிறுத்தப்பட்ட ஓர் எம்ஜிபி, ஈயம் கலந்த பெட்ரோலைக் குடித்துப் பழகியது. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு ஈயப் பெட்ரோலின் பொது விற்பனை நின்றது. ஈயத்தின் இழப்பு எஞ்சினின் வால்வு இருக்கைகளைப் பற்றிய சிக்கல், ஹோஸைப் பற்றியதல்ல. ஹோஸுக்குப் பெரிய மாற்றம் எத்தனாலோடு வந்தது. முதலில் 5 விழுக்காடு வரை கலந்தார்கள். 2021 செப்டம்பரில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் 10 விழுக்காடு வரை எத்தனால் கொண்ட இ10 வழக்கமான பெட்ரோலாகிவிட்டது. 5 விழுக்காட்டு வகையை உயர் ஆக்டேன் பெட்ரோலில் மட்டும் தொடரவைத்தார்கள். பழைய கார்களுக்கு அதையே பரிந்துரைக்கிறார்கள். அமெரிக்காவில் இ10 நெடுங்காலமாகவே பொதுவானது. இந்தியாவில் 2025இல் கலப்பு 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. இங்கே பழைய கார் வைத்திருப்பவருக்கு இந்தப் பாடம் மேலும் அழுத்தமானது.

எத்தனால் ஹோஸுக்கு என்ன செய்கிறது? தனிப் பெட்ரோல் நைட்ரைலை ஓரளவு ஊதவைக்கும். தனி எத்தனாலும் ஓரளவு ஊதவைக்கும். இரண்டும் கலந்தால் ஊதல் தனித்தனி அளவுகளைவிடக் கூடுகிறது. பழைய கலவைக்காக வடிவமைத்த ரப்பர், வறண்டு சுருங்கிய நிலையில், திடீரென்று புதிய கலவையைச் சந்திக்கிறது. அது ஒரே நாளில் உடைந்துவிடாது என்பதே இதில் வஞ்சகமான பகுதி. முதல் நாள் ஊதல், தளர்ந்த முனையை அடைத்து, கசிவே இல்லாததுபோல் காட்டலாம். சில வாரங்களில் ரப்பர் மென்மையாகி, பிசுபிசுத்து, கிளிப்புக்கு அடியில் பிதுங்கும். ஆகவே கார் கிளம்பிய அன்று கசியவில்லை என்பதும் நற்சான்று அல்ல.

இதற்கு மாற்று, உள் அடுக்கு ஃபுளோரோ ரப்பரால் ஆன ஹோஸ். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் எஸ்ஏஇ ஜே30 என்ற தரநிலை ஹோஸ்களை வகைப்படுத்துகிறது. ஆர்6, ஆர்7 என்பவை கார்புரேட்டர் கார்களுக்குரிய குறைந்த அழுத்த வகைகள். ஆர்9 என்பது ஃபுளோரோ ரப்பர் உள்ளடுக்கு கொண்ட, எரிபொருள் பீய்ச்சும் எஞ்சின்களுக்காக எழுந்த வகை. அதன் அழுத்தத் தாங்குதிறன் எம்ஜிபிக்கு அவசியமில்லை. ஆனால் எத்தனாலைத் தாங்கும் அதன் உள்ளடுக்கு அவசியம். எனவே குறைந்த அழுத்தக் காருக்கும் ஆர்9 வாங்குவது வீண்செலவு அல்ல. உடலில் இந்த எழுத்தும் தயாரிப்புக் காலமும் அச்சிட்ட ஹோஸையே, நம்பிக்கையான விற்பனையாளரிடம் வாங்குங்கள். ஆண்டுக்கணக்கில் கடைக் கொக்கியில் தொங்கிய ‘புதிய’ ஹோஸும் ஓரளவு மூத்ததே.

ஹோஸை விட்டுப் பைப்புக்கு வருவோம். இங்கே பார்வைக்கு மதிப்பு கூடுகிறது. ஏனெனில் உலோகத்தின் முதுமை பெரும்பாலும் தன்னைக் காட்டிவிடும். ஆனால் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் குளிர்காலச் சாலைகளில் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்பும் ஈரமும், பைப்பை உடற்பகுதியோடு பிடித்துவைக்கும் பட்டைகளுக்கு அடியிலும், பைப் தகட்டைத் துளைத்துச் செல்லும் ரப்பர் வளையத்துக்குள்ளும் தங்குகின்றன. வெளியே நீண்ட பகுதி பளபளப்பாக இருக்க, பட்டைக்கு அடியில் விரலகலம் மட்டும் துரு தின்றிருக்கும். ஆகவே ஒவ்வொரு பட்டையையும் கழற்றிப் பார்க்காமல் பைப்பைச் சோதித்ததாகக் கொள்ள முடியாது. பைப்பின் முனைகளில் சிறு புடைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹோஸ் நழுவாமல் பிடித்துக்கொள்வது அந்தப் புடைப்பால்தான். யாரோ முன்பு ரம்பத்தால் வெட்டி மொட்டையாக விட்ட முனை, எவ்வளவு நல்ல கிளிப் போட்டாலும் நம்பத்தக்கதல்ல. மாற்ற நேர்ந்தால், தாமிரமும் நிக்கலும் சேர்ந்த கலவைப் பைப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அது துருப்பிடிக்காது, தனித் தாமிரம்போல் அதிர்வில் இறுகி முறிவதும் குறைவு.

வழியின் தொடக்கமான டேங்கையும் விட்டுவிட முடியாது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது. இ10 பெட்ரோல் தன் அளவில் அரை விழுக்காடு அளவுக்கு நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கி இரும்பை அரிக்கும். எத்தனால் இல்லாத பழைய பெட்ரோலும் காலத்தில் பிசினாக மாறி அடியில் படியும். இத்தகைய டேங்கோடு புதிய ஹோஸைப் பொருத்தினால், துருவும் பிசினும் புதிய வழியெங்கும் பரவும். டேங்கைக் காலி செய்து, கழற்றி, உள்ளே வெளிச்சம் விட்டுப் பாருங்கள். சூடாகாத எல்இடி விளக்கு மட்டுமே இதற்கு ஏற்றது. எம்ஜிபிக்கே உரிய ஒரு பலவீனமும் உண்டு. டேங்கின் மேற்பகுதிக்கும் பெட்டியறைத் தரைக்கும் இடையே மண்ணும் ஈரமும் சிக்கி, டேங்க் மேலிருந்து துருப்பிடிக்கும். பாதி டேங்க் பெட்ரோலில் அது தெரியாது. முழுவதும் நிரப்பிய அன்றுதான் கசியும். டேங்கை இறக்கிப் பார்க்க இதுவே போதிய காரணம்.

இவ்வளவும் புரிந்தபின் வேலையின் ஒழுங்கு தானே அமையும். திறந்த வெளியில், பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் தீக்கு ஏற்ற நுரை அல்லது உலர்தூள் தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துத் தொடங்குங்கள். டேங்க் முதல் கார்புரேட்டர் வரை உள்ள ஹோஸ்களை ஒன்று விடாமல் மாற்றுங்கள். இரண்டு கார்புரேட்டர்களுக்கு இடையே உள்ள சின்னஞ்சிறு துண்டும், ஆவியைக் கொண்டுசெல்லும் குழாய்களும் இதில் அடங்கும். நன்றாக இருப்பதாகத் தோன்றும் ஒன்றை மட்டும் விட்டுவைக்க மனம் இழுக்கும். மேலே சொன்ன காரணத்தால் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஹோஸின் உள்விட்டத்தை ஊகிக்காமல் பைப்பை அளந்து வாங்குங்கள். பிரிட்டிஷ் கார்கள் அங்குலக் கணக்கில் அமைந்தவை. 5/16 அங்குலம் என்பது 7.9 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் ஹோஸ் அதற்குப் பொருந்தும். கால் அங்குலமோ 6.35 மில்லிமீட்டர்; அதை 6 மில்லிமீட்டராக எண்ணி வாங்கினால் ஏற்றும்போதே ஹோஸின் உள்சுவர் கிழியலாம். பட்டையில் வெட்டுத் துளைகள் உள்ள கிளிப்புகள் ரப்பரை அறுக்கும். ஓரம் மடித்த, உள்ளே வழவழப்பான கிளிப்புகளே தக்கவை. அவற்றையும் ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்க வேண்டாம்.

பொருத்தி முடித்தபின் சோதனைக்கு எம்ஜிபியே ஓர் அருமையான துணையைத் தருகிறது. எஸ்யு பம்ப் இயங்கும்போது ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும். டேங்கில் சில லிட்டர் விட்டு, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். பம்ப் விரைவாகத் துடித்து மிதவைக் கிண்ணங்களை நிரப்பும். நிரம்பியதும் ஊசி வால்வுகள் மூடி, அழுத்தம் ஏறி, துடிப்பு நிற்கும். நின்றுவிட்டால் வழி காக்கப்படுகிறது என்பதற்கு அது முதல் அறிகுறி. நிற்காமல் தொடர்ந்தால் பெட்ரோல் எங்கோ வெளியேறுகிறது, அல்லது காற்று உள்ளே நுழைகிறது. காற்று நுழைவதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. டேங்குக்கும் பம்புக்கும் இடையே உள்ள ஹோஸ், பம்ப் ஓடும்போது உறிஞ்சலுக்கு உட்பட்டது. அங்கே பிளவு இருந்தால் பெட்ரோல் சொட்டாமல் காற்று உள்ளே போகும். தரை உலர்ந்திருக்கும், பம்ப் மட்டும் ஓயாது. துடிப்பு நின்றபின் ஒவ்வோர் இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். பிறகு எஞ்சினைக் கிளப்பி, சூடேற்றி, நிறுத்தி மீண்டும் பாருங்கள். நின்ற எஞ்சினின் சூடு மேலெழும் அந்த வேளைதான் ஹோஸுக்குக் கடினமானது. மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், முதன்முறை டேங்கை முழுவதும் நிரப்பிய அன்றும் இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

எரிபொருளைப் பீய்ச்சும் எஞ்சின் கொண்ட பழைய கார்களுக்கு ஓர் எச்சரிக்கை. போர்ஷே 914 போன்றவற்றில் வரும் பாஷ் டி-ஜெட்ரானிக் அமைப்பு ஏறத்தாழ 2 பார் அழுத்தத்தில் இயங்கும். எம்ஜிபியைப்போல் பத்து மடங்கு. கே-ஜெட்ரானிக்கில் அது 5 பாரை ஒட்டும். அங்கே நுண்ணிய பிளவிலிருந்து வருவது துளியல்ல, பனிபோல் விரியும் தூவல். தீப்பிடிக்க மிக உகந்த வடிவம். போர்ஷே 914இல் முன்புறத்து டேங்கிலிருந்து நடுச்சுரங்கத்தின் வழியே செல்லும் பிளாஸ்டிக் பைப்புகளும் காலத்தில் உடையும் தன்மை பெறுகின்றன. கண் எட்டாத இடம் என்பதாலேயே அவை மாற்றப்படாமல் கிடக்கும். அவற்றையும் ஹோஸ் வரிசையில் வைத்தே எண்ண வேண்டும்.

கடைசியாக ஒரு நியாயமான தயக்கம். பழைய காரை நேசிப்பவர் அதன் அசல் தன்மையையும் நேசிக்கிறார்; தொழிற்சாலையில் பொருத்திய ஹோஸைக் கழற்ற மனம் வராது. அந்த நேசத்தை மதிக்கலாம். ஆனால் எதில் அசல் தன்மை இருக்கிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஓடுபாதை, கிளிப்பின் தோற்றம், பின்னல் உறை போன்றவற்றைப் புதிய ஹோஸிலும் காக்க முடியும். பழையதைப் பெயரெழுதிப் பெட்டியில் வைக்கலாம். ரப்பரின் ஆயுளை மட்டும் யாராலும் காக்க இயலாது. வடிவமைத்தவர்களே அதை மாற்றத்தக்க பகுதியாகத்தான் வைத்தார்கள். கிளிப்பைத் தளர்த்தினால் கழன்று வரும்படி அமைத்ததன் பொருள் அதுதான். ஆகவே புதிய ஹோஸைப் பொருத்தும் அன்றே அதன் தரக்குறியையும் தேதியையும் காரின் பதிவேட்டில் எழுதிவையுங்கள். அடுத்துச் சோதிக்கப்போகிறவர் நீங்களாக இருந்தாலும் வேறொருவராக இருந்தாலும், ஹோஸைப் பார்த்து வயதை ஊகிக்கும் தேவை அவருக்கு இருக்காது. கண்ணால் அறிய முடியாததை அந்த ஒரு வரி அறிவித்துவிடும்.